ட்ரோன் மானியம் வாங்கப் போகிறீர்களா? ஏக்கரிலிருந்து தொடங்குங்கள்

மன்னார்குடிப் பக்கம் எந்த வயலில் ட்ரோனை இறக்கினாலும் வரப்பில் நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். மருந்து எப்படி விழுகிறது என்று பார்க்க வந்தவர் ஒருவர் என்றால், "இதுக்கு கவர்மென்ட்ல எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்க வந்தவர்கள் மூன்று பேர். அப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மானியத்தைப் பார்த்து ட்ரோன் வாங்கியவர்களில் பலருடைய ட்ரோன் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஏக்கரைப் பார்த்து வாங்கியவர்கள் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் மானிய விண்ணப்பம் நான்காவது இடத்தில்தான் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டும் பேனாவும்

உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களிலும் யார் யாருக்கு எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த மாதத்தில் எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள், கைத்தெளிப்பானுக்கு இப்போது என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி, அப்புறம் தை, மாசியில் உளுந்து, பயறு. எல்லாம் சேர்த்தாலும் மழை, காற்று, முறை வைத்து வரும் தண்ணீர் என்று கழித்துப் பார்த்தால் என் டைரியில் ஒரு வருஷத்துக்குத் தெளிப்பு நாள் தொண்ணூறைத் தாண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடுதல் பேட்டரிகளோடு ஒரு தெளிப்பு ட்ரோன் 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீத மானியம் கிடைத்தால் 3.2 லட்சம் கழிந்து, உங்கள் கையில் விழுவது 4.8 லட்சம். ஏக்கருக்கு 500 ரூபாய் வாங்குகிறீர்கள். உதவியாள் கூலி, வண்டி, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 150. இதுவரை எல்லோரும் போடும் கணக்குதான். விட்டுப்போவது பேட்டரி. ஒரு ஜோடி பேட்டரி 50,000 ரூபாய், அது 250 தடவை சார்ஜ் தாங்கும், ஒரு சார்ஜில் ஒரு ஏக்கர் என்றால், ஏக்கருக்கு 200 ரூபாய் பேட்டரியிலேயே தேய்கிறது. மிச்சம் 150 ரூபாய். 4.8 லட்சத்தை எடுக்க 3,200 ஏக்கர் அடிக்க வேண்டும். நாளுக்கு 15 ஏக்கர் என்றால் 213 நாள், அதாவது இரண்டு வருஷத்துக்கும் மேல்.

கூலியை 600 ஆக்க முடிந்தால் அதே தொகைக்கு 1,920 ஏக்கர் போதும், 128 நாள். பேட்டரியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு 350 சார்ஜ் வரை இழுத்தால் ஏக்கருக்கு 57 ரூபாய் மிச்சமாகும். இந்த எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டில் வருஷத்துக்கு ஆயிரம் ஏக்கராவது உறுதியாகத் தேறவில்லை என்றால் தனியாக வாங்காமல், நாலு பேர் சேர்ந்து அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது: காசு செலவழிக்காமல் ஒரு தடவை கண்ணால் பாருங்கள்

2022 ஜனவரியில் மத்திய அரசு வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்ற மானியத் திட்டத்தின் விதிகளைத் திருத்தியது. வேளாண் அறிவியல் நிலையங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள் போன்றவை செயல்விளக்கத்துக்காக ட்ரோன் வாங்கினால் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு முழு விலையையும் அரசே தரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அதே நோக்கத்துக்கு 75 சதவீதம். விவசாயி வயலில் இலவசமாகப் பறக்கவிட்டுக் காட்டத்தான் இந்தப் பணம். எங்களுக்கு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். நேரில் போய், "எங்கள் ஊரில் ஒரு செயல்விளக்கம் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

வந்து பறக்கவிடும்போது ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கீழே பாருங்கள். இலையில் துளி விழுந்திருக்கிறதா, தூருக்கு இறங்கியிருக்கிறதா, வரப்போரம் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு மேலிருந்து விழும் மருந்து நன்றாக வேலை செய்யும். புகையான் பூச்சி தூரில் உட்கார்ந்திருக்கும். பயிர் அடர்ந்துவிட்டால் அங்கே போய்ச் சேருவது கடினம். நாளைக்கு உங்களைக் கூப்பிடும் விவசாயியிடம் இதை நேர்மையாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மூன்றாவது: பைலட் சான்றிதழ்

ட்ரோனுக்கான சட்டம் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள். அதற்கு முன்பு 25 படிவங்கள் இருந்தன. இந்த விதிகள் அவற்றை ஐந்தாகக் குறைத்தன. எடையை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பத்து லிட்டர் தெளிப்பு ட்ரோன் பெரும்பாலும் மருந்தோடு சேர்த்து 25 கிலோவுக்குள் அடங்கும்படிதான் செய்யப்படுகிறது. அதாவது சிறிய வகை. அதை ஓட்டச் சான்றிதழ் கட்டாயம்.

வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேற வேண்டும். முன்பு உரிமத்தை டிஜிசிஏவே கொடுத்தது. 2022 பிப்ரவரியில் அந்த முறை போய், பள்ளியில் தேறியதன்பேரில் கிடைக்கும் சான்றிதழே போதும் என்றானது. பத்து வருஷம் செல்லும். கிராமத்துப் பிள்ளைகள் பலரைத் தடுத்த இன்னொரு விஷயம் பாஸ்போர்ட். 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அது தேவையில்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு ஆவணம் போதும். என்னோடு படித்த பெண்களில் இரண்டு பேர் இந்தத் திருத்தத்தால்தான் வர முடிந்தது.

எங்கே படிப்பது? சென்னை குரோம்பேட்டையில் எம்ஐடி வளாகம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் அங்கேதான். நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த தக்ஷா என்ற ட்ரோன் குழு உருவானதும் அங்கேதான். மாநில அரசு 2022இல் ஆளில்லா வானூர்திகளுக்கென்றே தனிக் கழகமும் தொடங்கியிருக்கிறது. தனியார் பள்ளிகள் பல ஊர்களில் உண்டு. எங்கே சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகார எண் என்ன? எந்த வகைக்கான சான்றிதழ் தருவீர்கள்? தெளிப்பு ட்ரோனிலேயே பயிற்சி உண்டா, சின்ன கேமரா ட்ரோனோடு முடித்துவிடுவீர்களா? கட்டணத்தில் ஜிஎஸ்டி, தங்கும் இடம், சாப்பாடு சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஓர் இடத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டி, அழகான சட்டம் போட்ட சான்றிதழோடு வந்தார். அது அறிமுக வகுப்பின் பங்கேற்புச் சான்றிதழ். அதை வைத்து ட்ரோன் ஓட்டவும் முடியாது, இயந்திரங்களை வாடகைக்கு விடும் வாடகை மையத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. மறுபடியும் வேறு பள்ளியில் முழுக் கட்டணம் கட்டினார். இரண்டு மாதமும் ஒரு பருவமும் போனது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. மூன்று நாள் வகுப்பில் தப்பு இல்லை. ஆனால் அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

நான்காவது: எந்தக் கதவைத் தட்டுவது

மூன்று கதவுகள் இருக்கின்றன. யார் எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

நீங்கள் தனி விவசாயியோ, வாடகை மையம் வைக்க நினைப்பவரோ என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. உங்கள் பகுதிக்கென்று உதவி செயற்பொறியாளர் அலுவலகம் இருக்கும். இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் விதிப்படி சிறு, குறு விவசாயி, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயி என்றால் ட்ரோன் விலையில் 50 சதவீதம், உச்சவரம்பு 5 லட்சம். மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், உச்சவரம்பு 4 லட்சம். வாடகை மையத்துக்குக் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கிராமத் தொழில்முனைவோர் என்றால் 40 சதவீதம், 4 லட்சம் வரை. வேளாண் பட்டதாரி என்றால் 50 சதவீதம், 5 லட்சம் வரை. கிராமத் தொழில்முனைவோர் பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், பைலட் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். நான் சான்றிதழை மூன்றாவது இடத்தில் வைத்ததன் காரணம் இதுதான்.

ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், சிட்டா, அடங்கல், தேவையானால் சாதிச் சான்றிதழ், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் முன்னெழுத்து முன்னால், வங்கியில் பின்னால் என்று இருந்தாலே கோப்பு நின்றுவிடும். அப்புறம் மிக முக்கியமானது, அனுமதி ஆணை கைக்கு வரும் முன்பு ட்ரோனை வாங்கிவிடாதீர்கள். முன்பே வாங்கிய பில்லைக் காட்டி மானியம் கேட்டால் கிடைக்காது. மானியம் வங்கிக் கணக்கில் பிறகு வரவு வைக்கப்படுவதால், முழுத் தொகையையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்குமா, பங்குத் தொகை மட்டும் போதுமா என்பதை அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு மானியத்துக்காகக் காத்திருப்பது போலக் கொடுமை வேறு இல்லை.

இரண்டாவது கதவு, சுய உதவிக் குழுப் பெண்களுக்கானது: நமோ ட்ரோன் தீதி. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 15,000 குழுக்களுக்கு ட்ரோன், 1,261 கோடி ரூபாய், 2025-26 வரைக்கும் என்று அறிவிக்கப்பட்ட திட்டம். ட்ரோனும் உபகரணங்களும் சேர்ந்த விலையில் 80 சதவீதம், 8 லட்சத்துக்கு உட்பட்டு மானியம். மிச்சத்தைக் குழுக்களின் கூட்டமைப்பு மூலம் வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் கடனாக வாங்கலாம், வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கும். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி, அதில் ஐந்து நாள் ட்ரோன் ஓட்ட, பத்து நாள் உரமும் மருந்தும் தெளிக்க. குழுவைச் சேர்ந்த இன்னொருவரையோ குடும்பத்தில் ஒருவரையோ உதவியாளராகப் பயிற்றுவிப்பார்கள்.

இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்கள் வயலை அறிந்தவர்கள் என்று நான் நினைக்கக் காரணம், பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதியிருக்கும் பட்டியல்தான். ட்ரோனோடு வரும் பேட்டரி போக நாலு ஜோடி கூடுதல் பேட்டரி, இரட்டை வாய் வேக சார்ஜர், கூடுதல் இறக்கை, மருந்து பீய்ச்சும் நாசில், காற்று வேகமானி, தண்ணீரின் கார அமிலத் தன்மை பார்க்கும் கருவி, ஒரு வருஷக் காப்பீடு, இரண்டு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒரு நாளைக்கு 20 ஏக்கர் வரை இடைவிடாமல் பறக்கத்தான் அத்தனை பேட்டரி. தனியாக வாங்குபவர்களும் இந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். குறைந்த விலை சொல்லும் விற்பனையாளரிடம் என்ன குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

குழு அக்காக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பது மகளிர் திட்ட அலுவலகம், கூட்டமைப்பு வழியாகத்தான் போகும். உங்கள் மாவட்டத்துக்கு இப்போது ஒதுக்கீடு இருக்கிறதா என்று அங்கேதான் கேட்க வேண்டும். "நான் வாங்கித் தர்றேன், முன்பணம் கொடுங்க" என்று வரும் யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது கதவு வங்கி. வேளாண் உட்கட்டமைப்பு நிதி என்று 2020இல் தொடங்கிய ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் இருக்கிறது. 2 கோடி வரையிலான கடனுக்கு ஏழு வருஷம் வரை வட்டியில் 3 சதவீதம் சலுகை. ட்ரோனும் அதில் அடங்கும். வங்கி மேலாளரிடம் போகும்போது அந்த ஏக்கர் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை பக்கத் திட்ட அறிக்கையை விடவும், நாற்பது விவசாயிகளின் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு பக்கம் பேசும். எனக்கு அப்படித்தான் கடன் நகர்ந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய தாள்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அந்த மாடலைச் சோதித்து அங்கீகரித்ததற்கான வகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெளிப்பு ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். டிஜிசிஏவின் இணையதளத்தில் 100 ரூபாய்க் கட்டணத்தில் பதியலாம். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, உதிரிபாகம் மட்டும் வரலாம். அதனால் யாராவது பாதி விலைக்கு வெளிநாட்டு ட்ரோன் என்று காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அதற்கு வகைச் சான்றிதழும் இருக்காது, மானியமும் இல்லை, விபத்து நடந்தால் காப்பீடும் நிற்காது. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோனுக்கு 5 சதவீதம். பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேளுங்கள்.

விலை எவ்வளவு என்பதை விட, பருவத்தின் நடுவில் மோட்டார் போனால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதைக் கேளுங்கள். பழுது பார்ப்பவர் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கிறாரா, வேறு மாநிலத்துக்கு அனுப்பச் சொல்வார்களா? புழு விழுந்த வயல் பத்து நாள் காத்திருக்காது.

ஐந்தாவது: மேலே யாருடைய வானம்?

டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தில் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைக்கும் பச்சை. அதற்கும் பக்கத்தில் போனால் நிறம் மாறிவிடும், மஞ்சளில் வான்வழிக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி.

தெளிப்பு ட்ரோன் பயிருக்கு மேல் ஆளுயரத்தில் பறக்கிறதே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். தரையிலிருந்தே சிவப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. எங்கள் டெல்டாவில் தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. கோவைப் பக்கம் சூலூர், வடக்கே அரக்கோணம், தெற்கே ராமநாதபுரத்தில் உச்சிப்புளி எல்லாம் படைத் தளங்கள். நோட்டில் ஏக்கர் எழுதும்போதே, அந்த ஊர் வரைபடத்தில் என்ன நிறம் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும். பறக்கும் அன்று காலையிலும் ஒரு தடவை பாருங்கள்.

ஆறாவது: வயலில் முதல் நாள்

காலை ஐந்தரைக்குப் போய்விட வேண்டும். முதலில் நடை. ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பு வயலைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்துவிடுங்கள். மின்கம்பம் எங்கே, இழுவைக் கம்பி எங்கே, மோட்டார் கொட்டகைக்குப் போகும் வயர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கையால் சுட்டி உதவியாளிடம் வாயால் சொல்லுங்கள். என் முதல் வருஷத்தில், ஒரு வயலின் மூலையில் பூவரச மரத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய இழுவைக் கம்பி இருந்தது. நான் நடக்கவில்லை, வரப்பில் நின்றே பார்த்துவிட்டேன். இறக்கை கம்பியில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ட்ரோன் சேற்றில் தலைகுப்புறக் கிடந்தது. இரண்டு கை உடைந்து, ஒரு மோட்டாரில் தண்ணீர் புகுந்து, எட்டு நாள் வேலை போனது. யாருக்கும் அடிபடாதது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து நடக்காமல் ஒரு வயலிலும் பறந்ததில்லை.

அப்புறம் காற்று. என் அளவுகோல் விநாடிக்கு 3 மீட்டர். காற்று வேகமானியில் அதைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். வயல்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பக்கத்து வயலில் பருத்தி இருந்தால் களைக்கொல்லி வேலையையே எடுக்காதீர்கள். நெல்லில் அடிக்கும் 2,4-டி காற்றில் கொஞ்சம் போய் விழுந்தாலே பருத்தி இலை சுருண்டு, செடி வீணாகிவிடும். அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷம் உங்கள் கையில் இருக்கிறது. தேனீப் பெட்டி, மீன் குளம், வாத்துப் பட்டி பக்கத்தில் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். முந்தின நாளே ஊராட்சியிலும் பக்கத்து வயல்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள், மாடு கட்ட மாட்டார்கள்.

மருந்து கலப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர். ட்ரோனில் பத்து லிட்டர். ஏக்கருக்கான மருந்தளவு அதேதான், ஆனால் இருபது மடங்கு கெட்டியாகிறது. அதனால் எல்லா மருந்தையும் ட்ரோனில் அடிக்க முடியாது. 2021 டிசம்பரில் வேளாண் அமைச்சகம் ட்ரோன் தெளிப்புக்கான நடைமுறையை வெளியிட்டது. 2022 ஏப்ரலில் பூச்சிக்கொல்லி வாரியம் 477 மருந்துகளுக்கு இடைக்கால அனுமதி தந்தது, 2023இல் பயிர்வாரியாக நடைமுறைகள் வந்தன. கடைக்காரர் சொன்னார், வயல்காரர் கொடுத்தார் என்று எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். லேபிளைப் படியுங்கள், சந்தேகம் என்றால் வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்கச் சொன்னால், முதலில் ஒரு பாட்டிலில் கொஞ்சமாகக் கலந்து பத்து நிமிஷம் வையுங்கள். திரிந்தாலோ அடியில் படிந்தாலோ ட்ரோனுக்கு ஆகாது.

நாங்கள் கலப்பது இப்படி: வாளியில் பாதித் தண்ணீர், அதில் மருந்து, நன்றாகக் கலக்கி, பிறகு மிச்சத் தண்ணீர். பழைய வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டித்தான் தொட்டியில் ஊற்றுவோம். போர் தண்ணீரில் இருக்கும் மணல் ஒரு துகள் போதும், நாசில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ட்ரோன் சொல்லாது, பறந்துகொண்டே இருக்கும். மூன்று நாள் கழித்து வயலில் ஒரு கோடு மாதிரிப் புழு தின்ற தடம் தெரியும்போதுதான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு பேட்டரி மாற்றும்போதும் வெறும் தண்ணீரை ஒரு விநாடி பீய்ச்சி, எல்லா நாசிலும் ஒரே விசிறியாக வருகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். கெட்டியான மருந்து என்பதால் முகமூடியும் கையுறையும் கைத்தெளிப்பானை விட இங்கேதான் அதிகம் தேவை. கலப்பவர் கட்டாயம் போட வேண்டும். வாளியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

பறக்கும் உயரம் பயிரின் தலைக்கு மேல் ஒன்றரை முதல் மூன்று மீட்டருக்குள். வயலின் நடுவே மயில் இருந்தால் கிளம்பும்வரை காத்திருங்கள்; ஐந்து நிமிஷத்தில் போய்விடும்.

இளையவர்களுக்கு: தெளிப்போடு நின்றுவிட வேண்டியதில்லை

பைலட் வகுப்பில் என்னோடு இருந்த பிள்ளைகள் பலர் இயந்திரவியல், மின்னணுவியல் படித்தவர்கள். அவர்களுக்காக இந்தப் பகுதி. ட்ரோன் செய்யும் நிறுவனங்களுக்கு 2021 செப்டம்பரில் 120 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. உள்நாட்டில் சேர்க்கும் மதிப்பில் 20 சதவீதத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா வானூர்திகளுக்கான பொதுச் சோதனை மையம், பாதுகாப்புத் துறையின் உதவியோடு 45 கோடி ரூபாய்த் திட்டமாக எடுக்கப்பட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர், பேட்டரி கட்டத் தெரிந்தவர், சோதனை அறிக்கை எழுதத் தெரிந்தவர் எல்லோருக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது.

ஆளை ஏற்றிப் பறக்கும் மின்விமானமும் இதே பாதையில்தான் வருகிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சத்திய சக்கரவர்த்தி தொடங்கிய ஈபிளேன் நிறுவனம், ஓடுதளம் இல்லாமல் நேராக எழும்பும் மின்விமானத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் 788 வான் ஆம்புலன்ஸ்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இப்படிப்பட்ட விமானங்கள் இறங்கும் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று டிஜிசிஏ 2024இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பெங்களூருவில் தேசிய வான்வெளி ஆய்வகம் இ-ஹன்சா என்ற இரண்டு இருக்கை மின் பயிற்சி விமானத்தை உருவாக்குகிறது. விலை ஏறத்தாழ 2 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சர் 2025இல் சொன்னார். இவற்றில் எதற்கும் உங்கள் ட்ரோன் சான்றிதழ் நேரடியாகச் செல்லாது, அது வேறு உரிமம். ஆனால் பேட்டரியின் சூடு, மோட்டாரின் நடுக்கம், பறந்த நேரக் குறிப்பு, பழுதுக் குறிப்பு எல்லாவற்றையும் முறையாக எழுதிப் பழகியவரை அந்தத் தொழில் தேடும். அதனால் முதல் நாளிலிருந்தே பறப்புக் குறிப்பேடு எழுதுங்கள். தேதி, இடம், ஏக்கர், பேட்டரி எண், ஏறும்போது வோல்ட், இறங்கும்போது வோல்ட். காப்பீடு கேட்கும்போதும் அதுதான் உங்கள் சாட்சி.

ஏழாவது: பருவம் முடிந்ததும்

தை அறுவடை முடிந்து, உளுந்துக்கும் ஒரு சுற்று அடித்துவிட்டு ட்ரோனை வீட்டில் வைக்கும்போதுதான் பேட்டரி சாகிறது. முழு சார்ஜில் வைத்தால் உப்பிவிடும், காலியாக வைத்தால் மறுபடி எழாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். நல்ல சார்ஜரில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். ஓட்டு வீட்டுப் பரணும் தகரக் கொட்டகையும் வேண்டாம். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே வைத்த இரண்டு ஜோடியை நான் இழந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது நெல் குதிர் இருக்கும் அறையின் தரையில், மண் தொட்டிக்குள், ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கிறோம். பேட்டரி ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் எண் எழுதியிருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து வோல்ட் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது உதவியாள் தம்பியின் வேலை. உப்பினதைத் தனியாக வெளியே எடுத்து வைத்துவிடுவார். அதை மறுபடி சார்ஜில் போடக் கூடாது. ஆனியில் குறுவை நாற்று விடும்போது எல்லாவற்றையும் எடுத்து வெறும் தண்ணீரோடு ஒரு சுற்றுப் பறக்கவிட்டுப் பார்ப்போம். எத்தனை ஜோடி தேறுகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பருவத்துக்கு எத்தனை ஏக்கர் ஒத்துக்கொள்ளலாம் என்று நோட்டைப் பிரிப்போம்.